பிளஸ் ஒன் முடித்த கோடையில் கிராஷ் கோர்ஸ் தேவையா?

வாசகர் கேள்வி, 2025 ஏப்ரல் 3

என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். உயிரியல் பிரிவு. கோடை விடுமுறைக்கு நாற்பது நாள் நீட் கிராஷ் கோர்ஸ், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும், முப்பத்தைந்தாயிரம் ரூபாய் என்கிறார்கள். நகையை அடகு வைத்தால் கட்டிவிடலாம். இந்தக் கோடையை விட்டால் மெடிக்கல் கிடைக்கவே கிடைக்காது என்று அந்த இடத்தில் அடித்துச் சொல்கிறார்கள். டீச்சர், நீங்கள் இயற்பியல் எடுப்பதாகப் படித்தேன். சேர்க்கலாமா, வேண்டாமா?

ஏப்ரல் 4, காலை

நகையை அடகு வைக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். உயிரியல் மட்டும் 90 கேள்விகள், 360 மதிப்பெண். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. இந்தக் கேள்விகளில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. உங்கள் மகள் இப்போதுதான் அந்தப் பாதியை முடித்திருக்கிறாள். பிளஸ் டூ பாடத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. நாற்பது நாளில் இரண்டு வருடப் பாடத்தையும் ஓட்டுகிற வகுப்பில் போய் உட்கார்ந்தால், பாதி நேரம் தெரியாத பாடத்தின் குறுக்குவழியை எழுதிக்கொண்டிருப்பாள். பிளஸ் டூ முடித்து நீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த வேகம் ஓரளவு பயன்படலாம். அவர்களோடு சேர்த்து உட்காரவைக்கப்படும் பிளஸ் ஒன் பிள்ளைக்கு அது பயத்தைத்தான் கொடுக்கும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் வருடாவருடம் பார்க்கிறேன். கிராஷ் கோர்ஸ் போய்வந்த பிள்ளை ஜூன் மாதம் வகுப்பில் கை தூக்குவதில்லை. "அது அங்கேயே எடுத்துட்டாங்க மிஸ்" என்று சொல்லும். சரி, வெர்னியர் அளவியில் பூஜ்யப் பிழையைக் கழிக்க வேண்டுமா, கூட்ட வேண்டுமா என்று கேட்டால் பதில் வராது. பாடத்தின் தலைப்பு தெரியும், உள்ளே இருப்பது தெரியாது.

இந்தக் கோடையில் அவள் செய்ய வேண்டியது பிளஸ் ஒன் புத்தகத்தை இரண்டாம் முறை முழுசாகப் படிப்பதுதான். இயற்பியலில் இயக்கவியல் பகுதியும் வெப்ப இயக்கவியலும், வேதியியலில் மோல் கணக்கும் வேதிப் பிணைப்பும், உயிரியலில் மனித உடற்செயலியல் முழுவதும். தினமும் பழைய நீட் கேள்விகளில் அந்தப் பாடத்துக்கு உரியவற்றை மட்டும் போடட்டும். பழைய வினாத்தாள்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. இதை வீட்டிலேயே செய்யலாம்.

ஏப்ரல் 4, இரவு

காலையில் கேட்க விட்டுப்போன கேள்வி ஒன்று. உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஒரு வருடம் இடையில் வேறு பள்ளியில் படித்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். உங்கள் பதிலைப் பார்த்துவிட்டு மேலே பேசலாம்.

ஏப்ரல் 9

"வீட்டிலேயே செய்யலாம்" என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அக்கா கேட்டிருந்தார்கள்: "டீச்சர், வீட்டில் யார் படிக்க விடுகிறார்கள்?" நியாயமான கேள்வி. பெண்பிள்ளை விடுமுறையில் வீட்டில் இருந்தால் தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்ப்பது, சமையல் எல்லாம் அவள் தலையில் விழுகிறது. பையன் என்றால் மாமாவோடு பெங்களூருவுக்கு கட்டட வேலைக்கோ, திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கோ போய்விடுகிறான். போனவன் ஜூனில் திரும்புகிறானா என்பது வேறு கவலை. தங்கிப் படிக்கும் கிராஷ் கோர்ஸை அம்மாக்கள் விரும்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான், பிள்ளை வீட்டு வேலையிலிருந்து தப்பிக்கும். அந்த ஆசையை நான் மதிக்கிறேன்.

அதனால் நேற்றிலிருந்து யோசித்து இப்படிச் சொல்கிறேன்: வகுப்பைவிட ஒரு இடம் முக்கியம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, மேஜையும் மின்விசிறியும் இருக்கிற இடம். கிளை நூலகம் இருந்தால் அது. நகராட்சிகளில் இப்போது நூலகத்தோடு சேர்ந்த அறிவுசார் மையங்கள் இருக்கின்றன, அங்கே போட்டித் தேர்வுப் புத்தகங்களும் உண்டு. எதுவும் இல்லாத ஊரில் ஊராட்சி அலுவலகத்தின் ஒரு அறையைக் கேளுங்கள். எங்கள் ஊரில் ஊர்ப் பெரியவர்கள் கோயில் மண்டபத்தைக் கொடுத்தார்கள். காலையில் வெயில் ஏறும்வரை அங்கே நன்றாகவே ஓடியது.

நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்தாலே போதும். தினமும் டீச்சர் வர வேண்டும் என்றுகூட இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் யாராவது வந்து சந்தேகம் தீர்த்தால் மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தது, நாங்கள் முன்பு படிக்கவைத்த ஒரு பெண். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளிடம் கேட்கப் பிள்ளைகளுக்குக் கூச்சமே இல்லை. என்னிடம் கேட்காத சந்தேகங்களையெல்லாம் அவளிடம் கேட்டார்கள்.

ஏப்ரல் 10

தனியார் பள்ளிகள் கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வித்துறை வருடாவருடம் சுற்றறிக்கை அனுப்புகிறதே, நீங்கள் மண்டபத்தில் நடத்துவது மட்டும் சரியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளி கட்டாயப்படுத்திக் கூப்பிடக் கூடாது என்பதற்காக வந்த சுற்றறிக்கை அது. வெயிலில் சீருடையோடு வரவழைத்து அடுத்த வருடப் பாடத்தை ஏப்ரலிலேயே ஆரம்பிப்பதை நானும் எதிர்க்கிறேன். பிள்ளை தானாக வந்து உட்காரும் இடத்தில் வருகைப் பதிவேடு கிடையாது. வராத நாளுக்குக் காரணமும் கேட்பதில்லை. மாங்காய் பறிக்கப் போக வேண்டும் என்றால் போகலாம். நிறையப் பேர் போனார்கள், எங்களுக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஏப்ரல் 17

ஆங்கிலம் பற்றிச் சொல்ல வேண்டும். கிராஷ் கோர்ஸ் விளம்பரம் எதிலும் இது இருக்காது, ஆனால் தமிழ்வழிப் பிள்ளை கல்லூரியில் முதல் செமஸ்டரில் தடுமாறுவது இதில்தான். பொறியியலோ, நர்சிங்கோ, பி.எஸ்சி.யோ, எதுவாக இருந்தாலும் உள்ளே போனதும் புத்தகம் ஆங்கிலம், பரீட்சை ஆங்கிலம். 2010-லிருந்து அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியில் இருக்கின்றன. மற்ற கிளைகளுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை.

நாங்கள் செய்வது ரொம்ப எளிது. பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் ஆங்கிலவழிப் பதிப்பு மாநிலக் கல்வியியல் நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. தமிழ்ப் புத்தகமும் ஆங்கிலப் புத்தகமும் ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் அதே பத்தி என்று படிக்க வேண்டும். பாடம் ஏற்கெனவே தெரிந்தது என்பதால் ஆங்கிலம் மட்டும்தான் புதிது. முதல் வாரம் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். மே கடைசியில் பிள்ளைகள் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கணக்கைப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம். கல்லூரி முதல் வருடத்தில் முதலில் தேவைப்படுவது பேச்சைவிடப் படித்துப் புரிந்துகொள்வது.

நீட் எழுதுபவர்களுக்கும் இது உதவும். தமிழ் கேட்டால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆங்கிலமே இறுதி. அதனால் சந்தேகம் வரும் கேள்வியில் ஆங்கில வரியைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 28

சான்றிதழ்கள். இதற்குத் தனிக் குறிப்பு போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பிளஸ் ஒன் முடித்த கோடையே இதற்குச் சரியான நேரம், பிளஸ் டூ முடித்த கோடையில் எல்லாரும் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பார்கள். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ். மையத்தில் ஒவ்வொன்றுக்கும் அறுபது ரூபாய். வருமானச் சான்றிதழை மட்டும் அடுத்த வருடம் திரும்ப வாங்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு வருடம்தான் ஆயுள்.

நிறைய வீடுகளில் தெரியாத விஷயம் ஒன்று. நம்மிடம் இருப்பது மாநில அரசின் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். நீட் விண்ணப்பத்தில் அகில இந்திய இடங்களுக்கும், பொறியியலுக்கான ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் போன்ற தேர்வுகளுக்கும் மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி சான்றிதழ் கேட்பார்கள். அது தனி. தாசில்தார் அலுவலகத்திலிருந்து தனியாக வாங்க வேண்டும், அந்தந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். கையில் மாநிலச் சான்றிதழ் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் கடைசி நேரத்தில் பொதுப் பிரிவில் போட்டியிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் முன்னால், சாதிச் சான்றிதழில் இனிஷியலே இல்லை, எமிஸில் (பள்ளிக் கல்வித்துறையின் மாணவர் பதிவுத் தளம்) அப்பா பெயரில் ஒரு எழுத்து கூட. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது. விண்ணப்பத்தில் மொத்தமாக இடிக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஒத்துப்போகும்படி இந்தக் கோடையிலேயே திருத்திவிடுங்கள்.

அப்புறம் தொலைபேசி எண். விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். அந்த எண் அப்பாவிடம், அப்பா ஓசூரில் வேலையில், போனில் சார்ஜ் இல்லை. இப்படி ஒரு சாயங்காலம் முழுக்க ஒரு பையன் இ-சேவை மைய வாசலில் உட்கார்ந்திருந்தான். பிள்ளையின் கையில் இருக்கும் எண்ணைக் கொடுங்கள். மின்னஞ்சலும் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல்லை நோட்டின் பின் அட்டையில் எழுதிவையுங்கள்.

மே 5

நேற்று நீட். மதியம் இரண்டு மணித் தேர்வு, ஒன்றரைக்கு வாசல் மூடிவிடுவார்கள் என்பதால் எங்கள் பிள்ளைகளைப் பத்து மணிக்கே பஸ் ஏற்றினோம். அரைக்கை உடை, செருப்பு, கையில் நுழைவுச்சீட்டும் தண்ணீரும். சாயங்காலம் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது இயற்பியல் கஷ்டம் என்றுதான். ராத்திரி இணையத்தில் பார்த்தால் நாடு முழுக்க அதே பேச்சு.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், இயற்பியல் கடினமாகும் வருடத்தில் பதிலை மனப்பாடம் செய்தவருக்கும் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கும் உள்ள இடைவெளி பெரிதாகத் தெரிகிறது. பிளஸ் ஒன் இயக்கவியலை கோடையில் நிறுத்தி நிதானமாகப் போடுங்கள் என்று ஏப்ரலில் சொன்னதை இப்போது இன்னும் அழுத்திச் சொல்கிறேன்.

மே 8

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. மாநிலத் தேர்ச்சி 95.03 சதவீதம். எங்கள் பள்ளியில் ஒருவரைத் தவிர எல்லாரும் தேர்ச்சி. அவளுக்கு ஜூன் கடைசியில் துணைத்தேர்வு இருக்கிறது, அதை எழுதி இந்த வருடமே கல்லூரிக்குப் போய்விடலாம். அவள் வீட்டுக்கு முதலில் போய் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இனி ஒரு எச்சரிக்கை. இன்றிலிருந்து ஊருக்குள் கார்கள் வரும். கல்லூரிப் பெயர் போட்ட நோட்டீஸ், இனிப்பு, "உங்க பொண்ணுக்கு ஃப்ரீ சீட்" என்ற பேச்சு. ஏஜென்ட் கேட்பது ஒன்றுதான், அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும். சில வருடம் முன்னால் ஒரு மாணவி அப்படிக் கொடுத்துவிட்டாள். கலந்தாய்வில் அவளுக்கு நல்ல அரசுக் கல்லூரி கிடைத்தது. அசலைத் திரும்பக் கேட்டால் முதல் வருடக் கட்டணம் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். நானும் அவள் அப்பாவும் போய் நின்றோம். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் போட்ட அறிவிக்கை அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அதை அச்செடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான் கோப்பு உள்ளேயிருந்து வந்தது.

சரிபார்த்துவிட்டு அசலைக் கையோடு திருப்பித் தர வேண்டும். தராதவர்களிடம் நகலுக்கு மேல் எதையும் கொடுக்காதீர்கள்.

மே 9

எல்லா ஏஜென்ட்டும் மோசமில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். சரி, இருக்கட்டும். அசல் மட்டும் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

மே 20

மெடிக்கலைத் தவிர வேறு எதையும் பேசவே இல்லையே என்று கேட்டிருந்தார்கள். பேசுவோம்.

பிளஸ் ஒன் முடித்த பிள்ளைக்கு இந்தக் கோடையில் உண்மையாகவே கல்லூரிப் படிப்பைத் தொட்டுப்பார்க்க ஒரு வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் ஆரம்பித்த தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பு. பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியவர்கள் விண்ணப்பிக்கலாம். ஜேஇஇ வேண்டாம். நான்கு வாரப் பாடங்களைக் கொடுப்பார்கள், வாராவாரம் பயிற்சி, பிறகு நேரில் ஒரு தகுதித் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். வருமானம் குறைந்த வீடுகளுக்கு 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. பாடங்கள் ஆங்கிலத்தில்தான், அதனால் மேலே சொன்ன இரண்டு புத்தகப் பயிற்சி இங்கேயும் கைகொடுக்கும். எங்கள் பிள்ளைகளில் தகுதித் தேர்வில் தேறியவர்களைவிடத் தேறாதவர்கள் அதிகம். ஆனால் தேறாதவர்கள்கூட புள்ளியியல் வாரத்தை முடித்த பிறகு கணக்குப் பாடத்தில் வேறு மாதிரிக் கேள்வி கேட்டார்கள். ஒரு கல்லூரி விரிவுரை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

தம்பி தங்கைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தால் இஸ்ரோவின் யுவிகா பயிற்சியைத் தெரிந்து வையுங்கள். 2019-இல் ஆரம்பித்தது, மே மாதத்தில் இரண்டு வாரம், இஸ்ரோ மையத்திலேயே தங்கவைத்து நடத்துகிறார்கள், செலவு அவர்களுடையது. கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் உண்டு.

இன்னும் இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் க்யூட் வழியாகச் சேர்க்கின்றன. திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், அதற்குக் கிளாட் தேர்வு டிசம்பரிலேயே வந்துவிடும். கட்டடக்கலைக்கு நாட்டா. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பத் தேதி பிளஸ் டூ நடக்கும்போதே வந்துபோய்விடும். அதனால் இந்தக் கோடையில் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்தத் தேர்வு எந்த மாதம் என்று குறித்துச் சுவரில் மாட்டுங்கள். எங்கள் மண்டபத்தில் மாட்டியிருந்த அட்டையைப் பிள்ளைகளைவிட அவர்களின் அம்மாக்கள்தான் அதிகம் நின்று பார்த்தார்கள்.

ஜூன் 3

கேள்வி கேட்ட அப்பா எழுதியிருக்கிறார். கிராஷ் கோர்ஸில் சேர்க்கவில்லையாம். மகள் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்தில் இருக்கும் நூலகத்துக்குத் தோழியோடு போய்வந்திருக்கிறாள். இயக்கவியல் முடித்துவிட்டாள், வெப்ப இயக்கவியல் பாதியில் நிற்கிறது. நேற்று பள்ளி திறந்துவிட்டது.

ஆனால் கடிதத்தின் கடைசி வரி மனதைப் பிசைந்தது. ஆறாம் வகுப்பு மட்டும் அவள் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருக்கிறாள். ஏழிலிருந்துதான் அரசுப் பள்ளி. ஆக 7.5 சதவீதத்தில் அவள் வரமாட்டாள்.

ஐயா, இது சின்ன விஷயம் என்று ஆறுதல் சொல்ல மாட்டேன். அந்த ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து வருடத்துக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட இடங்கள், கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, கட்ஆஃப் பொதுப் போட்டியைவிடப் பல மடங்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அது இல்லை என்றால் கணக்கு வேறு. இதை அடுத்த வருடம் கலந்தாய்வில் தெரிந்துகொள்வதைவிட இப்போது தெரிந்தது நல்லது. கைவசம் முழுதாக ஒரு வருடம் இருக்கிறது. நீட் எழுதட்டும், விடவே வேண்டாம். அதோடு பி.எஸ்சி. நர்சிங், வேளாண்மை, கால்நடை அறிவியல், துணை மருத்துவப் படிப்புகள் எல்லாவற்றையும் பட்டியலில் சேருங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண் போதும், நீட் தேவையில்லை. அப்படியானால் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு அவள் கொடுக்கும் கவனமும் கூட வேண்டும். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மதிப்பெண்தான் பார்க்கிறார்கள். அவளுக்கு மாடு கன்றுகளோடு பழக்கம் உண்டு என்று முதல் கடிதத்துக்கு அடுத்ததில் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

அவளிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு உண்மையைத் தாங்கத் தெரியும்.

ஜூன் 28

பொறியியல் தரவரிசைப் பட்டியல் நேற்று வந்துவிட்டது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்ஆஃப் கணக்கு. பொதுக் கலந்தாய்வு ஜூலை 14-இல் ஆரம்பம். அதுவரை பிள்ளைகள் கையில் இருக்கும் வேலை, கல்லூரிகளைப் பற்றித் தெரிந்துகொள்வது. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தக் கிளை எந்தக் கட்ஆஃபில் முடிந்தது என்பது பொறியியல் சேர்க்கைக்கான டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது. அதைத் தாளில் எழுதி வரிசைப்படுத்துங்கள்.

ஜூலை 19

பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தக் கிளை வேண்டும் என்று வரிசையாகப் போடும் விருப்பப் பட்டியல் பற்றிப் போன வருட அனுபவம். 168 கட்ஆஃப் எடுத்த ஒரு பையன். பட்டியலில் ஐந்தே ஐந்து கல்லூரிகள் போட்டான், ஐந்தும் சென்னை, ஐந்தும் கம்ப்யூட்டர் சயின்ஸ். அண்ணன் ஒருவன் சொன்னானாம். அவன் தரவரிசை வந்த சுற்றில் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த சுற்றுக்குப் போனபோது, முந்தைய சுற்றில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இடங்கள் போய்விட்டிருந்தன. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், வரம்பே கிடையாது. நூறு போட்டாலும் தப்பில்லை. எட்டாதது மேலே, நடுவில் நியாயமானது, கீழே கட்டாயம் கிடைப்பது. எங்கள் பக்கம் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் விழுப்புரம், திண்டிவனம், ஆரணி, பண்ருட்டி உறுப்புக் கல்லூரிகளைப் பட்டியலில் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். கட்டணம் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம்.

இரண்டாம் சுற்றில் அந்தப் பையனோடு உட்கார்ந்து எழுபதுக்கு மேல் போட்டோம். எலெக்ட்ரிக்கல் கிடைத்தது. இப்போது இரண்டாம் வருடம், நன்றாகப் படிக்கிறான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தால் இரண்டு நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும். அந்த இரண்டு நாளில் திருவிழா, துக்கம், எது வந்தாலும் யாராவது ஒருவர் கணினி முன்னால் இருக்க வேண்டும். பட்டியலில் பெயர் வந்தும் உறுதிசெய்யாமல் விட்டுப் போகும் இடங்கள் எனக்குத் தாங்க முடியாதவை.

ஆகஸ்ட் 9

நேற்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. இந்தக் கல்வியாண்டிலிருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது. காலையிலிருந்து கேள்விமேல் கேள்வி.

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்ததே, சில பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் முதல் வருடமே பிளஸ் டூ பாடத்துக்குத் தாவியதைத் தடுக்கத்தான். பிள்ளைகளின் சுமை குறைவது எனக்கும் மகிழ்ச்சி. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது அதிகம்தான், பிள்ளைகளின் முகத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் நீட்டும் ஜேஇஇயும் பிளஸ் ஒன் பாடத்தை விடப்போவதில்லை. பொறியியல் முதல் செமஸ்டர் இயற்பியலும் கணிதமும் நேரே பிளஸ் ஒன்னிலிருந்துதான் தொடங்குகின்றன.

இதனால் அடுத்த கோடைக்கான என் யோசனையில் ஒரு மாற்றம். ஏப்ரலில் இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். இனி பிளஸ் ஒன் முடித்து வரும் பிள்ளைகளில் சிலருக்கு அது முதல் முறையாகவே இருக்கலாம். அதனால் மண்டபத்தில் முதல் இரண்டு வாரம் கேள்வி போடுவது இல்லை. புத்தகத்தில் எந்தப் பாடம் நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் பொருளடக்கத்தில் பென்சிலால் குறிக்கச் சொல்லி, விட்டுப்போனதை முதலில் எடுக்கப் போகிறோம். வேறு ஊர்களில் செய்பவர்களும் இப்படியே ஆரம்பியுங்கள்.

ஆகஸ்ட் 10

கல்லூரியில் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய் யாருக்குக் கிடைக்கும் என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரிலிருந்து. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இப்போது இதில் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே உள்ள பொறுப்பாசிரியரிடம் எமிஸ் எண்ணைக் கொடுத்துப் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இணைக்காத கணக்கால் பணம் நின்று போனவர்கள் இருக்கிறார்கள், இன்றே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி கேட்ட ஐயாவுக்கும் இது பொருந்தும். ஆறாம் வகுப்பு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழிதானே? அப்படியென்றால் 7.5-இல் விட்டுப்போனாலும் இதில் உங்கள் மகளுக்கு இடம் இருக்க வேண்டும். அந்தப் பள்ளியில் படிப்புச் சான்றிதழ் வாங்கி வையுங்கள், பயிற்றுமொழி தமிழ் என்று அதில் எழுதித் தரச் சொல்லுங்கள். காலாண்டு விடுமுறைக்கு முன் போனால் தலைமையாசிரியர் கையெழுத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் 16

இன்னும் எங்கும் சேராத பிள்ளைகள் உங்கள் தெருவில் இருந்தால் பெயரை எழுதிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தில் "உயர்வுக்குப் படி" முகாம்கள் இவர்களுக்காகவே நடக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் இருந்தால் நேரடிச் சேர்க்கையும் உண்டு, ஐடிஐ, பாலிடெக்னிக் இடங்களும் அங்கேயே கிடைக்கும். எங்கள் தெருவில் இரண்டு பேர். ஒருத்தி வருகிறேன் என்றிருக்கிறாள், இன்னொருவன் செங்கல் சூளையில் இருக்கிறான். நாளை ஞாயிற்றுக்கிழமை, அவன் அம்மாவோடு அங்கே போகிறேன்.